சந்தை சரி, மழையையும் அளக்க விடுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளே காய்கறிச் சந்தை போட்ட செய்தியைப் படித்தேன். அங்கே ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் முக்கால் கிலோ கேரட்டுக்குத் தராசில் அரைக் கிலோ கல்லோடு கால் கிலோ கல்லையும் சேர்த்து வைத்தாளாம். பின்னம் அப்படித்தான் மண்டையில் ஏறும். 2022ல் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு வகுப்பறைகளில் அட்டையும் பாட்டும் நிறைய வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் எல்லாம் ஆண்டுவிழா மாதிரி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

தினமும் செய்ய ஒன்று சொல்கிறேன். பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை மரநிழல் இல்லாத இடத்தில் வையுங்கள். (பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், நம் நீலகிரி மாவட்டத்தில் அதற்குத்தான் தடையாயிற்றே.) காலையில் ஸ்கேலை விட்டுத் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். பத்து மில்லிமீட்டர் என்றால் பத்து மில்லிமீட்டர் மழை. வாய் அகலமான டப்பாவிலும் அதே உயரம்தான் வரும். ஏன் என்று பிள்ளைகள் சண்டை போடட்டும், அதுதான் பாடம்.

இன்னொன்று, கூடலூர்ப் பள்ளி ஒன்றோடு கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும், இங்கே கோத்தகிரிப் பக்கம் அவ்வளவு இருக்காது. நமக்கு முக்கியம் அக்டோபர், நவம்பர் மழை. ஒரே மாவட்டம், இரண்டு வானம். டீச்சர்களுக்குக் கூடுதல் வேலை வராது, நோட்டில் எழுதுவதைப் பிள்ளைகளே முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும்.