முட்டுகிற மாடும் மூடாத குழியும்

பொங்கல் முடிந்த கையோடு வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கமெல்லாம், மாடுகளை ஓடுபாதையில் ஓடவிடும் மாடு விடும் விழா களைகட்டிவிடும். வேடிக்கை பார்க்கப் போனவர் மாடு முட்டி இறந்தார் என்ற செய்தியும் பின்னாலேயே வரும். உடனே ஊரில் இரண்டு பேச்சு. ஒன்று, "அவன் விதி அவ்வளவுதான்." இன்னொன்று, "ஓரமா நிக்க வேண்டியதுதானே." சபைக்காரர்களும் இதையே சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேதாகமத்தில் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் விதியைப் பற்றிப் பேசவில்லை, செத்தவன் எங்கே நின்றான் என்றும் கேட்கவில்லை. மாட்டுக்காரனுக்கு முன்னாலேயே என்ன தெரியும் என்று கேட்கிறது.

28-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் அதைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், இறைச்சியைச் சாப்பிடக் கூடாது, உரிமையாளன் மேல் குற்றமில்லை. அதுவரை சாதுவாக இருந்த மாடு திடீரென்று மிரண்டால் அவனுக்கு மாடு நஷ்டம், அதோடு சரி. அடுத்த வசனத்தில்தான் சட்டம் இறுகுகிறது. மாட்டுக்கு முட்டும் பழக்கம் முன்பே இருந்தது, அதை அவனிடம் சொல்லியும் இருக்கிறார்கள், அப்படியும் அவன் கட்டி வைக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மாட்டோடு சேர்த்து அவனுக்கும் மரணம். 30-ஆம் வசனம் ஒரு வாசலைத் திறக்கிறது: மீட்புப் பணம் விதிக்கப்பட்டால், விதித்ததைக் கொடுத்து அவன் உயிர் பிழைக்கலாம். செத்தது பிள்ளையாக இருந்தாலும் இதே சட்டம்தான் என்கிறது 31.

பழைய பாபிலோன் அரசன் அம்முராபியின் சட்டத்திலும் இதே முட்டுகிற மாடு வருகிறது. எச்சரித்தும் கொம்பை மறைக்காமல், மாட்டைக் கட்டாமல் விட்டவனுக்கு அங்கே அரை மினா (அக்காலத்து எடை அளவு) வெள்ளி அபராதம். பணத்தைக் கட்டினால் கதை முடிந்தது. மோசேயின் சட்டத்தில் உயிர்தான் முதலில் வருகிறது, பணம் அதற்குப் பிறகு காட்டப்படும் இரக்கம். வேண்டுமென்றே கொன்றவனுக்கு அதுவும் கிடையாது. கொலைகாரனின் உயிருக்காக மீட்புப் பணம் வாங்கவே கூடாது என்கிறது எண்ணாகமம் 35:31. அதே சமயம் யாத்திராகமம் 21-இன் 32-ஆம் வசனத்தில் அடிமையின் சாவுக்கு முப்பது சேக்கல் வெள்ளி என்று விலை போட்டிருப்பதை மழுப்பக் கூடாது. அந்த வசனம் எனக்கு உறுத்தல்தான்.

இப்போது நம் ஓடுபாதைக்கு வருவோம். இந்தப் பக்கத்துப் பேர்போன மாடுகளின் குணம் ஊருக்கே அத்துப்படி. எது நேராக ஓடும், எது பக்கவாட்டில் கொம்பை வீசும் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே அவிழ்க்கிறார்கள். சொல்லியும் கட்டாதது என்றால் இதுதான். விழாக்குழுவும் தப்ப முடியாது. குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடும் மாட்டுக்குத்தான் பரிசு என்பதால் விரட்டல் அதிகம். இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டியிருந்தாலும், இடைவெளியில் நுழைந்து இளவட்டங்கள் பாதைக்குள் இறங்கி மாட்டைத் தட்டுகிறார்கள். ஆள் சேரச் சேரப் பாதை சுருங்குகிறது, மாட்டுக்குப் போக வழியில்லாமல் ஆள்மேல் பாய்கிறது. முன்னால் போன மாடு பாதையை விட்டு வெளியேறும் முன்பே அடுத்ததை அவிழ்த்தால், முதல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைப் பின்னால் வருவது தூக்கிவிடும். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எருது விடும் விழாவையும் சேர்த்து அனுமதித்த தமிழ்நாட்டின் 2017 சட்டத்திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அனுமதி கிடைத்ததோடு பொறுப்பு தீர்ந்துவிடாது என்கிறேன்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால்தான் அதே அதிகாரத்தின் 33-ஆம் வசனம் பொருந்துகிறது. குழியைத் திறந்து வைத்தவன், அல்லது வெட்டி மூடாமல் போனவன், அதில் மாடோ கழுதையோ விழுந்து செத்தால் ஈடு கட்ட வேண்டும். ஓடி முடித்த மாடு கோட்டில் நிற்பதில்லை. கொல்லைமேட்டில் பாய்ந்து சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழும், தண்டவாளத்துப் பக்கம் போகும். கோட்டுக்கு அப்பால் தாம்புக்கயிற்றோடு ஆட்களும், மாடு பிடிக்க அடைப்பும் இல்லாத இடத்தில் விழா நடத்துவதே தப்பு.

வெட்டியவன் மட்டுமல்ல, திறந்தவனும் பொறுப்பாளி என்பதைக் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணறு வற்றியதும் கேசிங் பைப்பை உருவி விற்றுவிட்டு, ஓட்டையின் மேல் ஒரு கோணிப்பையைப் போட்டுவிட்டுப் போவது நம் ஊரில் சகஜம். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை சுஜித்துக்கு என்ன நடந்தது என்று தமிழ்நாடே பார்த்தது. அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 2010-இல், உச்ச நீதிமன்றம் வழிமுறை சொல்லியாகிவிட்டது. கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் கான்கிரீட் மேடை, 30 சென்டிமீட்டர் தரைக்கு மேலே, 30 கீழே. குழாயின் வாய்க்கு மேல் இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும், இல்லையென்றால் நட்டு போல்ட்டு போட்டு மூட வேண்டும். கைவிட்ட கிணறு என்றால் களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பிவிட்டு மேலே மண்ணைப் பரப்பினால் முதல் மழையிலேயே உள்வாங்கிவிடும், மேலே புல் முளைத்து ஓட்டை கண்ணிலும் படாது.

மாடு ஓடும் அதே வீதியில் மொட்டை மாடிகளிலும் கூட்டம் நிற்கிறது. உபாகமம் 22:8 புது வீடு கட்டுகிறவனுக்குக் கைப்பிடிச்சுவரைக் கட்டாயமாக்குகிறது. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல். யூத ரபிகள் அதற்குப் பத்துக் கையகலம் உயரம் வைத்தார்கள், ஒருவன் சாய்ந்தால் தாங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நம் வீடுகளில் அடுத்த மாடி எழுப்பும்போது இடிக்க வேண்டியிருக்குமே என்று சுவரைத் தள்ளிப்போடுகிறோம். தூண் கம்பி துருப்பிடித்து நிற்கும், மாடி எழும்பாது, சுவரும் வராது.

இதற்காக ஊர் கூடி மாட்டுக்காரனை அடித்தால் அதுவும் வேதம் சொல்கிற நீதி அல்ல. கோடரி கழன்று பட்டுத் தெரியாமல் கொன்றவனுக்காக ஆறு அடைக்கலப்பட்டணங்கள், யோர்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அங்கே ஓடிச் சேர வழியையும் உண்டாக்கி வைக்கச் சொல்கிறது உபாகமம் 19:3. விசாரணைக்கு முன்னால் யாரும் அவன்மேல் கை வைக்கக் கூடாது.

"அது நியாயப்பிரமாணம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம்" என்று சிலர் வருவார்கள். மத்தேயு 23:23-இல் நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், கனமானவை என்று இயேசு எண்ணியவற்றில் நீதியும் இரக்கமும் இருக்கின்றன. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டை உடனே தூக்கமாட்டீர்களா என்று லூக்கா 14-இல் கேட்டவரும் அவர்தான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு யாத்திராகமம் 21:28–36-ஐ ஆராதனையில் வாசிக்கலாம். ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி முதலில் ஆலய வளாகத்தைச் சுற்றி வரட்டும். சம்ப் மூடி பூட்டியிருக்கிறதா, குழந்தை மிதித்தால் தாங்குமா, பழைய கிணற்றின் கம்பிவலை துருப்பிடித்துவிட்டதா, மணிக்கூண்டுப் படியில் கைப்பிடி இருக்கிறதா, பின்பக்கம் வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றின் வாய் எப்படி இருக்கிறது. குறையைக் கண்டவர் பெயரும், சரிசெய்ய வேண்டியவர் பெயரும் அன்றைக்கே மினிட்ஸ் புத்தகத்தில் ஏறட்டும். அப்புறம் "எனக்குச் சொல்லவே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.