அந்தப் பணம் இலவசம் இல்லை

நேற்று நண்பர் ஒருவர் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். கொரோனா நேரத்தில் ரேஷன் கடையில் பணம் கொடுத்துத்தான் தமிழ்நாட்டு மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்களாம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அது இலவசம் இல்லை. கடையை மூடு, வெளியே வராதே என்று சொன்னது அரசு. நோய் பரவாமல் இருக்க அது தேவைதான். ஆனால் வேலைக்குப் போகாதே என்றவர்கள்தான் சோற்றுக்கும் வழி செய்யவேண்டும்.

என் அப்பா கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். 2020 சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வாங்கிய அட்வான்ஸை எல்லாம் திருப்பிக் கொடுத்தார். ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. அம்மா சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, வட்டம் வட்டமாக நகர்ந்து வாங்கி வந்தார். இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒன்றில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை. இன்னொன்று அரிசிப் பானைக்குள் போனது. அப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவரையா சோம்பேறி என்கிறீர்கள்?

வசதியானவர்களும் வாங்கினார்களே என்பீர்கள். வாங்கினார்கள், எங்கள் தெருவிலேயே பார்த்தேன். 2021 மே, ஜூனில் 2.07 கோடி அரிசி அட்டைகளுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தால் இரண்டாம் அலையே ஓய்ந்திருக்கும். என் குறை வேறு. கட்டட வேலைக்கு வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட, அட்டை இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் போகவில்லை.

எல்லாம் டாஸ்மாக்குக்குத்தான் போனது என்கிறார் இன்னொருவர். அந்த 1,000 கொடுத்த ஏப்ரலில் டாஸ்மாக் மூடிக்கிடந்தது ஐயா!

கடனாகக் கொடுத்திருக்கலாமாம். 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 20 லட்சம் கோடியில் பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும்தான். தொழில் நடத்துகிறவருக்கு உதவியிருக்கும், சரி. அடுப்பு எரியாத வீட்டுக்குக் கடன் எதற்கு? தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று டிவியில் சொன்ன பிறகும், குழுக்கடன் வசூலுக்கு வந்தவர் எங்கள் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு அந்த இன்னொரு நோட்டை எடுத்துக் கொடுத்ததை நான் நின்று பார்த்தேன்.

நண்பரே, உங்கள் அக்கா கல்யாணத்துக்குச் சமைத்தவர் என் அப்பாதான். "சாம்பார் பிரமாதம் மாமா" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நிவாரணம் கொடுத்தது தப்பென்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் 'சோம்பேறி'யை மட்டும் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.