இன்னும் ரப்பரை நம்பித்தான் இருக்கிறோம்

நேற்றுக் காலை மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், அதாவது பெட்ரோல், ஊற்றப் போயிருந்தேன். முகப்பில் எனக்கு முன்னால் ஆறு பேர். ஆறு பேர் கையிலும் அடையாளக் கார்டு. முதலில் நின்ற பெரியவரின் கார்டை இயந்திரம் படிக்க மறுத்தது. அவர் அதை வெளியே எடுத்தார், சட்டையில் துடைத்தார், ஊதினார், மறுபடி சொருகினார். மறுபடியும் இல்லை. பணியில் இருந்த பெண், பழக்கப்பட்டவர் போல, மேசை இழுப்பறையைத் திறந்து பள்ளிப் பிள்ளைகள் பென்சில் கோட்டை அழிக்கும் ரப்பரை எடுத்து நீட்டினார். பெரியவர் சிப்பின் மேல் நாலு தேய், தேய்த்தார். பொன்னிறத் தகடு பளிச்சென்றது. இயந்திரம் உடனே மனம் இரங்கியது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவருடைய அப்பாவும் வெட்டியவர். தோட்டம் முழுக்கச் செம்பனை எண்ணெய் மரமாகிப் பால் மரம் கண்ணில் படாமல் போன பிறகும், ஐந்து வெள்ளி (ரிங்கிட்) எண்ணெய்க்கு அவர் ரப்பரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல், குடிமக்கள் மைகார்டை, அதாவது அடையாளக் கார்டைக் காட்டினால் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அதற்கு முன் எல்லோருக்கும் 2 வெள்ளி 5 காசு. திட்டம் தொடங்கியபோது கார்டு இல்லாதவருக்கு 2 வெள்ளி 60 காசு. தொடக்கத்தில் ஆளுக்கு மாதம் 300 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். வாகனம் ஓட்டும் உரிமம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்றதும் எங்கள் ஊரில் பல அண்ணன்மார்களின் முகம் மாறியது. எந்த வருடத்தில் புதுப்பித்தோம் என்று அவர்களுக்கே நினைவில்லை. போலீஸ் சாலைத் தடுப்பு சாதிக்காததை அறுபத்தொரு காசு வித்தியாசம் சாதித்தது.

சாலையோர ஒட்டுக்கடையில் விவாதம் வேறு பக்கம் போயிற்று. ஒரு காசு நாணயத்தைப் பார்த்தே எத்தனையோ வருடமாகிறது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்குகிறார்கள். அப்படியிருக்க இந்த 99 எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஒரு லிட்டர் மட்டும் போட்டு நோட்டை நீட்டினால் இரண்டு வெள்ளிதானே? “அந்த ஒரு காசு பார்ப்பதற்குத்தான் ஐயா, செலவழிப்பதற்கில்லை” என்று தே தாரிக் (பால் தேநீர்) ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார். அந்தக் கடையில் நான் கேட்ட பொருளாதார விளக்கங்களில் இதுதான் சிறந்தது.

நானும் கணக்குப் போட்டேன். வழக்கமாக ஐந்து வெள்ளிக்குத்தான் ஊற்றுவேன். பழைய விலையில் 2.44 லிட்டர், புது விலையில் 2.51. ஆக, நாலைந்து மேசைக்கரண்டி அதிகம். அதை நினைத்து மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன்.

300 லிட்டர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என் மோட்டார் டேங்க் நான்கு லிட்டர். அந்த மாத அளவை முழுதாகப் பயன்படுத்த நாள் ஒன்றுக்கு இரண்டரை டேங்க் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் மொத்தம் 13,500 கிலோமீட்டர். வடக்கு எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து தெற்கு முனையிலுள்ள ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலை 772 கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்று எண்ணினால், மேலும் கீழுமாகப் பதினேழு தடவை போகலாம். பதினெட்டாவது பயணத்தில் ஜொகூரிலிருந்து ஏறி வரும்போது, ஏறக்குறைய எங்கள் ஊருக்குப் பக்கத்து ரவாங்கைத் தாண்டுகிற இடத்தில் எண்ணெய் தீரும். அங்கிருந்து வீட்டுக்கு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். மனைவியிடம் இதைச் சொன்னேன். “முதலில் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வாருங்கள்” என்றாள்.

ஊரின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் வைத்தார்கள். அதற்கு முன் பத்தாங் பெர்சுந்தை. அந்தப் பெயரைக் கேட்டால் மலாய் தெரிந்தவர்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது, என் அக்காமார்கள் படிக்கிறார்கள். தோட்டத்து ஆட்கள் யாரும் இன்றுவரை பழைய பெயரை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் பெர்சுந்தைதான். புதுப் பெயரைக் கடிதத்தின் மேல்தான் பார்க்கிறோம்.

இந்தக் கார்டு வேலையில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சிலர் பொரிந்து தள்ளுகிறார்கள். எண்ணெய்க்குக் கார்டு, அரிசி முட்டைக்குக் கார்டு, நாளை மூச்சு விடவும் கார்டா என்று குரல் பதிவு மேல் குரல் பதிவு. 2025 ஆகஸ்டு 31-இல் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லோருக்கும் கார்டில் நூறு வெள்ளி போட்டபோது, இதே ஆட்கள்தான் விடிவதற்குள் பேரங்காடி வாசலில் நின்றார்கள். நாடே ஒரே நேரத்தில் கார்டைச் சொருகியதில் முதல் நாள் இயந்திரம் திணறியது. நானும் வரிசையில் ஒரு கூடை பிஸ்கட்டோடு நின்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று கல்யாணச் செய்தியும், ஒரு கால் முறிவும், கோயில் நிர்வாகச் சண்டையின் இரு தரப்பு நியாயமும் தெரிந்துகொண்டேன். தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோன பிறகு ஊர்ச் செய்தி இவ்வளவு விரிவாக எனக்குக் கிடைத்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி. பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பிறப்புப் பத்திரம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவரிடம் இருப்பது சிவப்புக் கார்டு, நிரந்தரவாசி. குடிமக்களுக்கான நீலக் கார்டுக்கு மனுப் போட்டால் மலாய் தெரியுமா என்று பார்ப்பார்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன்காரரிடம் அவர் பேரம் பேசும் மலாயைக் கேட்டுவிட்டுத் தேர்வு வைத்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். நூறு வெள்ளி அவருக்கு வரவில்லை. என் பிஸ்கட்டில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். “சர்க்காரு கொடுத்ததா?” என்று கேட்டார். “ஆமாம் பாட்டி.” “உப்புப் பிஸ்கட்டு வாங்கியிருக்கலாமே. எனக்குச் சர்க்கரை என்று சர்க்காருக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?”

நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து மகளின் ரப்பரால் என் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த தடவை வரிசையில் மானம் போகக் கூடாதே என்று. பாட்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து தன் சிவப்புக் கார்டை எடுத்து நீட்டினார்.

“இதையும் கொஞ்சம் தேய்த்துக் கொடு தம்பி.”

தேய்த்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூலையில் இன்னும் அழுக்கிருக்கிறது பார்” என்று திரும்ப நீட்டினார்.