யோக நித்திரையில் ஆன்மா வெளியே போகுமா?

புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: யோக நித்திரை என்ற, படுத்தபடி செய்யும் தளர்வுப் பயிற்சியில் ஆன்மா உடலை விட்டு வெளியே போய் ஊர் சுற்றுமாம், நடுவில் யாராவது எழுப்பினால் உயிர் திரும்பாதாம். தவறு.

இன்று பரவலாக இருக்கும் யோக நித்திரை முறையை வகுத்தவர் பீகார் முங்கேரில் யோகப் பள்ளி நடத்திய சுவாமி சத்யானந்த சரஸ்வதி. சவாசனத்தில் மல்லாந்து படுத்து, வழிநடத்துபவரின் குரலைக் கேட்டபடி வலது கட்டைவிரலில் தொடங்கி உறுப்பு உறுப்பாகக் கவனத்தை நகர்த்துவதுதான் அதன் மையம். உடல் தளரும், மூச்சு மெதுவாகும். நடுவில் எழுப்பினால் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, மிதப்பது போல உணர்ந்தேன் என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே அப்படித் தோன்றுவது உண்டு. 2002இல் நரம்பியல் ஆய்வாளர் ஒலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் வலப்பக்க ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். கட்டிலில் படுத்திருக்கும் தன்னையே மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். உடல் எங்கே இருக்கிறது என்ற மூளையின் கணக்கு தடுமாறினால் இப்படித் தோன்றலாம். அப்படி 'வெளியே போனவர்' பக்கத்து அறையில் இருந்ததைப் பார்த்துச் சொன்னதாக நம்பகமான சோதனை எதுவும் நிரூபிக்கவில்லை.

வாரக்கணக்கில் தூக்கம் வராமல்தான் யோக நித்திரையைத் தேடுகிறீர்கள் என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.