அமெரிக்காவில் 28 சதவீதம் பேர் நாத்திகர்களா?

"அமெரிக்காவில் 28 சதவீதம் பேர் நாத்திகர் ஆகிவிட்டார்கள், பியூ ஆய்வே சொல்கிறது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் தப்பு தப்புதான்.

28 என்ற எண் நிஜம். அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கு. அறிக்கை 2024 ஜனவரியில் வந்தது. ஆனால் அது மதம் எதையும் சேராத வயதுவந்தோரின் எண்ணிக்கை. உங்கள் மதம் என்ன என்ற கேள்விக்கு நாத்திகர், அறியொணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்), 'குறிப்பாக எதுவுமில்லை' என்று தனித்தனி விடைகள் இருந்தன. மூன்றையும் கூட்டினால்தான் 28. அந்த 28 சதவீதத்தினருக்குள் மட்டும் பார்த்தால் 'எதுவுமில்லை' என்றவர்கள் 63 சதவீதம், அறியொணாவாதிகள் 20, நாத்திகர் வெறும் 17. நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர். சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியவர் சாமியையும் விட்டுவிட்டார் என்று எப்படிக் கணக்குப் போடுவது? மதம் சேராதவர்களில் பெரும்பாலோர் கடவுளையோ வேறு ஏதோ மேலான சக்தியையோ நம்புவதாக அதே அறிக்கை சொல்கிறது.

பியூவின் இணையதளத்தில் அறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் நாத்திகர் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.