குளுட்டமேட் இருப்பதால் நரம்பு இருப்பதாகாது

'செடிக்கும் நரம்பு மண்டலம் உண்டு, புழு கடித்தால் வலிக்கும்' என்று ஒரு கட்டுரை சொல்வது, ஆய்வு காட்டியதைத் தாண்டிப் போகிறது. 2018-இல் டொயோட்டா, கில்ராய் ஆகிய விஞ்ஞானிகளின் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் காட்டியது இது: அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் இலையைப் புழு கடித்ததும் காயத்தில் குளுட்டமேட் கசிகிறது (விலங்குகளின் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அமினோ அமிலம் இது); அங்கிருந்து கால்சியம் அலை (செல்களுக்குள் கால்சியம் அடுத்தடுத்து உயர்வது) சாற்றுக்குழாய்கள் வழியே நொடிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிடத்தில் கடிபடாத இலைகளையும் எட்டுகிறது. அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்பு ஹார்மோன் கூடி, தற்காப்பு தொடங்குகிறது. குளுட்டமேட்டை உணரும் புரதங்களுக்கான ஜிஎல்ஆர் 3.3, 3.6 ஆகிய இரு மரபணுக்களையும் முடக்கினால் அலை மற்ற இலைகளுக்குப் போவதில்லை. ஆய்வின் உயிர்நாடியே இந்த இரட்டை முடக்கம்தான். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

2022-இல் இன்னொரு விளக்கமும் வந்தது. காயத்தில் கசிந்த அமினோ அமிலங்கள் பரவியும், குழாயின் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டும் போகும் வழியெல்லாம் கால்சியத்தை எழுப்புகின்றன என்கிறது அது. அப்படியானால் நரம்போடு ஒப்பிடுவது இன்னும் பலவீனமாகிறது.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு: கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும் ஜிகேம்ப்-3 புரதம் கொண்ட செடியில் நீல ஒளி பாய்ச்சி, பச்சை ஒளியை மட்டும் படம்பிடியுங்கள், பச்சையத்தின் சிவப்பு ஒளியை வடிகட்டி தடுக்க வேண்டும். இலை நுனியை வெட்டி, வெட்டியதால் எழும் கால்சியம் அடங்கிய பிறகே 100 மில்லிமோலார் குளுட்டமேட்டைச் சொட்டுங்கள். குளுட்டமிக் அமிலத்தை அப்படியே கரைத்தால் அதன் அமிலத்தன்மையே கால்சியத்தைக் கிளப்பிவிடும். சோடியம் உப்பாக எடுங்கள். ஒப்பீட்டுக்கு அதே செறிவில் சார்பிட்டால் (ஒரு சர்க்கரை ஆல்கஹால்) வையுங்கள். செடியைத் தொட்டாலே ஒளிரும் என்பதையும் மறக்க வேண்டாம்.