பரிசு கொடுத்தால் ஆர்வம் வந்துவிடுமா?

"பரிசு கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் படிப்பில் ஆர்வம் வந்துவிடும், உளவியல் நிரூபித்த விஷயம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும், ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து மார்க்கர் பேனாவை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை.

அதற்காகப் பரிசே கூடாது என்றில்லை. வாய்ப்பாடு மாதிரி மனம் ஒட்டாத வேலையைத் தொடங்கிவைக்க அது உதவும். ஆனால் தானாகவே புத்தகத்தை எடுக்கும் பிள்ளையிடம் பக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கர் என்று பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து. "இந்தக் கணக்கை வேறு வழியிலும் போட்டுப் பார்த்திருக்கிறாயே" என்று செய்ததைச் சுட்டிக்காட்டிப் பாராட்டுங்கள்.